செட்டிநாட்டு வீட்டு விடுதி ஒன்றின் புதிய இணையதளம்: ஒரு மதிப்பாய்வு

கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், ஆறு அறைகளை மட்டும் விருந்தினருக்கு விடும் பழைய நகரத்தார் வீடு ஒன்றின் இணையதளம் அண்மையில் அடியோடு மாற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. பழைய தளம் இருந்த காலத்திலும், புதியது வந்த பிறகும் அந்த வீட்டில் தங்கியவன் என்ற முறையில் இத்தளத்தை இங்கே மதிப்பிடுகிறேன். வீட்டுக்கு உரிமையுள்ள பங்காளிகள் பலர். அவர்கள் எல்லோருடைய ஒப்புதலையும் கேட்டுப் பெற இயலாது என்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஆயினும் இதுபோன்ற ஹோம்ஸ்டே நடத்துவோர்க்கும், அங்கே தங்க விரும்புவோர்க்கும் இத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளப் பல செய்திகள் உள்ளன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பதிவு செய்ய நினைப்பவர் மனத்தில் என்னென்ன ஐயங்கள் எழும் என்று வீட்டார் உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையான விடையை எழுதியிருக்கிறார்கள். இத்தளத்தின் வலிமை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பழைய தளத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கேமராவிலிருந்து எடுத்த படங்களை அளவு குறைக்காமல் அப்படியே ஏற்றியிருந்ததால், கைப்பேசியில் முகப்புப் பக்கம் திறப்பதற்கே பொறுமை வேண்டியிருந்தது. தொலைபேசி எண்ணும் ஒரு படத்துக்குள் எழுதப்பட்டிருந்ததால், அதைத் தொட்டு அழைக்க வழியில்லை; தாளில் குறித்துக்கொண்டு எண் எண்ணாக அழுத்த வேண்டும். கட்டணம் என்ற தலைப்பின்கீழ் ‘தொடர்பு கொள்ளவும்’ என்று மட்டும் இருந்தது. பாரம்பரியமும் நவீன வசதிகளும் கைகோக்கும் இடம் என்று எந்த விடுதிக்கும் பொருந்தக்கூடிய புகழுரை பக்கம் முழுவதும் நிறைந்திருந்தது. ஆனால் எத்தனை அறைகள், கட்டில் ஒன்றா இரண்டா, குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா என்ற எந்தக் கேள்விக்கும் அதில் விடையில்லை. உணவுப் பக்கத்தில் எங்கிருந்தோ எடுத்த வட இந்தியச் சாப்பாட்டுத் தட்டின் படத்தைப் போட்டிருந்தார்கள். வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் தினமும் ஆக்கும் அடுப்படியை வைத்துக்கொண்டு இப்படிச் செய்திருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

புதிய தளத்தின் முகப்பில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. காலை வெயில் சாய்ந்து விழும் வளவு (வீட்டின் நடுவிலுள்ள முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), சுற்றிலும் தேக்குத் தூண்கள், தரையில் ஆத்தங்குடிக் கற்கள் எனப்படும் வண்ணத் தரை ஓடுகள். அதற்குக் கீழே ஊரின் பெயர், அறைகளின் எண்ணிக்கை, தொடக்கக் கட்டணம், காலியாக உள்ள நாள்களைப் பார்ப்பதற்கான பொத்தான் ஆகியவை வேறு எதுவும் குறுக்கிடாமல் வரிசையாக அமைந்துள்ளன. கூகுள் நிறுவனம் தன் வேக அளவுகோலில், பக்கத்தின் முதன்மையான உருப்படி 2.5 நொடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. செட்டிநாட்டுச் சாலைகளில் கைப்பேசிச் சிக்னல் எப்படி வரும் போகும் என்று அறிந்தவர்கள் இந்த அளவுகோலின் அருமையை உணர்வார்கள். படங்களை வெப்பி (WebP) என்ற, கோப்பின் அளவைக் குறைக்கும் வடிவத்துக்கு மாற்றி, திரைக்கு வர வேண்டிய நேரத்தில் மட்டும் இறங்கும்படி செய்திருப்பதால், பேருந்தில் போய்க்கொண்டிருக்கும்போது பார்த்தபோதும் தளம் தயங்காமல் திறந்தது. நகரும் படங்களும் பின்னணி இசையும் இல்லை. அவை இல்லாத குறையும் தெரியவில்லை.

அறைகளுக்கான பக்கங்களே இத்தளத்தின் உயிர். ஆறு அறைகளுக்கும் ஆறு தனிப் பக்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அறையின் நீள அகலம், கட்டிலின் அளவு, குளியலறையின் படம், ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற குறிப்பு எல்லாம் உள்ளன. அகன்ற கோண வில்லையில் எடுத்து, பத்தடி அறையைக் கல்யாண மண்டபம்போல் காட்டும் வழக்கத்தை இவர்கள் பின்பற்றவில்லை. வாசலில் நின்று ஒருவர் கண்ணுக்குத் தெரியும் அளவில்தான் படங்கள் எடுக்கப்பட்டுள்ளன. தெருவைப் பார்த்த அறைக்கான பக்கத்தில், மார்கழி மாதத்தில் விடியலுக்கு முன்பே கோவில் ஒலிபெருக்கி கேட்கும் என்றும், இலேசான உறக்கம் உடையவர்கள் உள்வளவை ஒட்டிய அறையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். குளிரூட்டி இல்லாத இரண்டு அறைகளின் பக்கங்களில், உயர்ந்த கூரையும் தடித்த சுண்ணாம்புச் சுவரும் வெப்பத்தைப் பெரிதும் தணித்தாலும் சித்திரை, வைகாசி மாதங்களில் மின்விசிறி மட்டும் போதாது என்று நேராகச் சொல்லி, அந்த மாதங்களில் கட்டணத்தையும் குறைத்திருக்கிறார்கள். வெந்நீர் சூரிய ஒளியில் சூடாவதால், மழைநாளில் கேட்டால் அடுப்படியிலிருந்து கொண்டுவந்து தரப்படும் என்பதும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக் குறைகளைத் தாமே எழுதினால் விருந்தினர் வராமல் போய்விடுவார்களே என்று சில உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். என் அனுபவமும் என் நண்பர்களின் அனுபவமும் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. ஒலிபெருக்கியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லும் ஒருவர், படுக்கை தூய்மையாக இருக்கும் என்று சொல்லும்போது அதை நம்பலாம் என்ற எண்ணம் படிப்பவருக்குத் தானே வருகிறது. மேலும், எதிர்பார்ப்பு சரியாக இருக்கும் விருந்தினர்தான் ஊர் திரும்பிய பிறகு நல்ல மதிப்புரை எழுதுவார். இடைஞ்சலை வந்த இடத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிப்பவர் மனம் கசந்து எழுதுவார். அந்த ஒரு கசப்பான மதிப்புரை, விளம்பரத்துக்குச் செலவிட்ட தொகை முழுவதையும் வீணாக்கிவிடக்கூடும்.

முதியவர்களை அழைத்துச் செல்வோர்க்கு ஒரு பத்தியை ஒதுக்கியிருப்பதைத் தனியே பாராட்ட வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் தெருமட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டப்பட்டவை. வாசற்படிகளும், கட்டுக்குக் கட்டு உயரமான நிலைப்படிகளும் உண்டு. எத்தனை படி, கைப்பிடி எங்கே இருக்கிறது, மாடிப்படி எவ்வளவு செங்குத்து, தரைத்தள அறைகளில் மேற்கத்தியக் கழிப்பறை எதில் உள்ளது என்பனவற்றைப் படத்தோடு விளக்கியிருக்கிறார்கள். முழங்கால் வலியுள்ள என் தாயாருக்கு எந்த அறை ஏற்றது என்று நான் யாரையும் அழைத்துக் கேட்காமல் முடிவு செய்ய முடிந்தது. பெரிய விடுதிகளின் தளங்களில்கூட இந்த அளவுக்குத் தெளிவை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

உணவுப் பகுதி சுருக்கமாகவும் பயனுள்ளதாகவும் இருக்கிறது. காலை உணவு கட்டணத்தில் அடக்கம்; இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி என்று நாளுக்கொரு வகையாக மாறும். மதிய உணவு வேண்டுமென்றால் முதல்நாள் மாலைக்குள் சைவமா அசைவமா என்று சொல்லிவிட வேண்டும். அதற்கான காரணத்தையும், அதாவது காய்கறியும் இறைச்சியும் அன்றன்று காலையில்தான் வாங்கப்படுகின்றன என்பதையும், ஒரே வரியில் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு வரி விதியை விருந்தோம்பலாக மாற்றிவிடுகிறது. அதே பக்கத்தில் வாடகைக் கார் ஓட்டுநர் தங்குவதற்கான இடம், அவருக்கான உணவு, கழிப்பறை வசதி ஆகியவையும் சொல்லப்பட்டிருக்கின்றன. மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வண்டி பிடித்து வரும் குடும்பங்கள் ஏறக்குறைய தவறாமல் கேட்கும் கேள்வி இது. எத்தனையோ விடுதிகள் இதை மறந்தே போகின்றன. ஓட்டுநர் இரவில் வண்டிக்குள் முடங்கிக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வந்து சேரும் வழியைச் சொல்லும் பக்கத்தில் உள்ளூர் அறிவு துலங்குகிறது. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டும் இருக்கும்படி நீளமாகக் கட்டப்பட்டவை. இதனால் வரைபடச் செயலி விருந்தினரைப் பின்வாசல் தெருவில் கொண்டுபோய் நிறுத்துவது அங்கே வழக்கமான தொல்லை. புதிய தளத்தில் முகப்புத் தெருவின் பெயரும், நுழைவாயிலின் படமும், திரும்ப வேண்டிய ஊருணியின் படமும் தரப்பட்டிருப்பதோடு, கூகுள் வரைபடத்தில் உள்ள குறியும் முகப்புக்கு நேராக மாற்றி வைக்கப்பட்டுள்ளது. சென்னை எழும்பூரிலிருந்து பிற்பகலில் புறப்படும் பல்லவன் விரைவு வண்டி காரைக்குடிக்கு இரவில் வெகுநேரம் கழித்துத்தான் வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் நிலையத்துக்கு வண்டி அனுப்ப வேண்டுமானால் முன்பதிவின்போதே குறிப்பிடும்படி ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கான கட்டணமும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

நாட்காட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறிய தங்குமிடங்களின் பெயர் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்த வீட்டில் பங்காளிகளின் திருமணமோ, முன்னோர்க்குச் செய்யும் படைப்போ நடக்கும்போது விருந்தினருக்கு அறை கிடையாது. அந்த நாள்கள் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும் என்பதால், அவற்றை நாட்காட்டியில் முன்கூட்டியே அடைத்து வைத்திருக்கிறார்கள். அதே ஆறு அறைகள் ஏர்பிஎன்பி, புக்கிங்.காம் போன்ற தளங்களிலும் விற்கப்படுகின்றன. இவற்றை ஐகேல் (iCal) என்ற, நாட்காட்டி விவரத்தைத் தளங்களுக்கிடையே பகிரும் இணைப்பு மூலம் ஒன்றோடொன்று ஒத்திசைக்கலாம். ஆனால் அந்த இணைப்பு உடனுக்குடன் செயல்படுவதில்லை, ஒரு தளத்தில் அறை விற்பனையானது மற்றொன்றில் தெரியச் சில மணி நேரம் ஆகலாம். பொங்கல் விடுமுறைபோன்ற நெருக்கடியான நாள்களில் அந்தச் சில மணி நேரத்தில் ஒரே அறை இருவருக்கு விற்கப்பட்டுவிடும். இவர்கள் கடைசி ஓர் அறை மட்டும் மிஞ்சியிருக்கும் நாளில் அதைப் பிற தளங்களிலிருந்து விலக்கி, தங்கள் தளத்தில் மட்டும் காட்டுகிறார்கள். ஒத்திசைவை உடனடியாகச் செய்யும் கட்டண மென்பொருள்கள் உண்டு. ஆறு அறைகளுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்ற அவர்களுடைய முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

முன்பதிவுத் தளங்களை முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஓர் இரவுக்கு 5,000 ரூபாய் என்ற கணக்கில் இரண்டு இரவுகள் தங்குபவர் 10,000 ரூபாய் தருகிறார். தரகு 15 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் அதில் 1,500 ரூபாய் வீட்டாருக்கு வராது. தொகை பெரிதுதான். ஆனால் பாரிஸிலோ புணேயிலோ இருப்பவர் இந்தச் சிற்றூரை முதலில் கண்டுபிடிப்பது அந்தத் தளங்களில்தான். கண்டுபிடித்தவர் அடுத்து அந்த வீட்டின் பெயரைத் தனியாகத் தேடிப் பார்ப்பார். அப்போது சொந்தத் தளம் முதலில் வர வேண்டும், வந்தவருக்கு நேரடியாகப் பதிவு செய்ய ஒரு காரணமும் கிடைக்க வேண்டும். இவர்கள் விலையைக் குறைக்காமல், நேரடியாகப் பதிவு செய்வோர்க்கு வீட்டை முழுவதும் சுற்றிக் காட்டுவதையும், புறப்படும் நாளில் மதியம்வரை அறையை வைத்துக்கொள்ளும் சலுகையையும் தருகிறார்கள். வீட்டுக்குப் பெரிதாகச் செலவு வைக்காத, விருந்தினர் மிகவும் விரும்பும் இரண்டு சலுகைகள் இவை.

தேடலில் தெரிவதற்கு வேறு சில வேலைகளும் நடந்திருக்கின்றன. கூகுளின் வணிகச் சுயவிவரத்தில், அதாவது தேடலிலும் வரைபடத்திலும் ஒரு தொழிலின் விவரங்களைக் காட்டும் பக்கத்தில், இலவசமாகக் கட்டித்தரப்பட்டு வந்த ஒருபக்கத் தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டன. அதையே நம்பியிருந்த சிறு விடுதிகள் பல வீதிக்கு வந்தன. அந்தச் சுயவிவரம் இன்றும் இலவசம்தான். இவர்கள் அதில் அறைப்படங்கள், பதிவு நேரம், வசதிகள் எல்லாவற்றையும் நிரப்பியிருக்கிறார்கள். விடுதிகளின் நேரடி முன்பதிவு இணைப்புகளைக் கட்டணமில்லாமல் காட்டும் முறையை 2021இல் கூகுள் கொண்டுவந்தது. இந்த வீட்டின் இணைப்பும் அங்கே தெரிகிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டு விடுதித் திட்டத்தில் பதிவு பெற, அறைகள் ஆறுக்கு மேற்படக் கூடாது, உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். இந்தப் பதிவு தங்களுக்கு இருப்பதை முகப்பின் அடியில் சான்றிதழோடு காட்டியிருப்பது, முதன்முறை வருபவர்க்கு, குறிப்பாகத் தனியே பயணம் செய்யும் பெண்களுக்கு, நல்ல உறுதி.

மதிப்புரைகளைக் கையாண்டிருக்கும் விதமும் மாறியிருக்கிறது. தேதியும் ஊரும் இல்லாத புகழ்ச்சிகளை ஒட்டிவைத்திருந்த பழைய பக்கம் போய்விட்டது. இணைய மதிப்புரைகளின் நம்பகத்தன்மைக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தர அளவையை வெளியிட வேண்டிய அளவுக்குப் போலிகள் பெருகிவிட்ட காலம் இது. இப்போது கூகுளில் உள்ள மதிப்புரைகளுக்கே இணைப்புத் தந்திருக்கிறார்கள். அங்கே கொசுத் தொல்லையைப் பற்றி ஒருவர் எழுதியதற்கு, வலை பொருத்திய தேதியைச் சொல்லி வீட்டார் அமைதியாக மறுமொழி எழுதியிருப்பதையும் பார்த்தேன். பத்துப் புகழுரைகளைவிட அந்த மறுமொழி என்னை அதிகம் ஈர்த்தது.

சுற்றுவட்டாரத்தைப் பற்றிய பக்கம் ஒரே தரத்தில் இல்லை. ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையைப் பற்றிய பகுதி மிக நன்றாக இருக்கிறது: கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சிமென்ட்டை ஊற்றுவதிலிருந்து, நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவது வரை பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதையும், படம் எடுக்கும் முன் தொழிலாளர்களிடம் கேட்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பற்றிய குறிப்பும் உதவியானது. ஆனால் பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை ஆகியவற்றைப் பற்றிய பத்திகள் எங்கும் கிடைக்கும் பொதுச் செய்திகள்தாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை நெய்யும் தறிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. செட்டிநாட்டின் ஊர்த் தொகுதிகள் 2014 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருப்பதும் சொல்லப்படவில்லை. கட்டடக்கலைக்காகவே தொலைதூரத்திலிருந்து வருவோர்க்கு இது பயனுள்ள செய்தி.

உடனே திருத்த வேண்டிய குறைகள் மூன்று எனக்குத் தெரிகின்றன. அவற்றுள் பெரியது, தமிழ்ப் பக்கம். ஆங்கிலத்தில் இவ்வளவு விரிவாக எழுதியவர்கள், தமிழில் மூன்றே பத்திகளோடு நிறுத்திவிட்டார்கள். அறைப் பக்கமும் இல்லை, கட்டணமும் இல்லை, படிகளைப் பற்றிய குறிப்பும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் குலதெய்வக் கோவிலுக்கோ பிள்ளையார்பட்டிக்கோ குடும்பத்தோடு வருகிறவர்கள் இந்த வீட்டுக்கு வரக்கூடிய விருந்தினர்களே. தங்கள் மொழியில் விலைகூடச் சொல்லப்படாத ஓரிடத்தை அவர்கள் தங்களுக்கான இடமாக எப்படிக் கருதுவார்கள்? இந்த வீட்டின் அடுப்படியைப் பற்றியும் வளவைப் பற்றியும் தமிழில் எழுதினால் எவ்வளவு அழகாக எழுதலாம் என்று நினைக்கும்போது இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது.

இரண்டாவது, வரி. அறைக் கட்டணத்துக்குமேல் சேரும் சரக்கு மற்றும் சேவை வரி, பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில்தான் தெரிகிறது. நாளொன்றுக்கு 7,500 ரூபாய்வரையுள்ள அறைகளுக்கு அந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டதால் தொகை சிறியதுதான். ஆனாலும் முதலில் ஒரு விலையும் முடிவில் வேறொரு விலையும் காட்டுவது, மற்றெல்லா இடங்களிலும் இவர்கள் சேர்த்துவைத்த நம்பிக்கையைக் குறைக்கிறது. மூன்றாவது, பதிவு உறுதியானதும் ஆதார் அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அடையாளச் சான்றைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் கடமையும் உண்டு. ஆனால் ஒருவரின் சொந்தக் கைப்பேசியில் பல குடும்பங்களின் ஆதார் படங்கள் தங்கிக்கிடப்பது சரியன்று. வந்த பிறகு நேரில் பார்த்துக்கொள்ளலாம், அல்லது முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேட்கலாம். எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதையும் தளத்தில் எழுதிவிட வேண்டும்.

இந்த வீட்டுக்குச் செல்ல நினைப்பவர்கள் ஐப்பசி மழை தணிந்த பிறகு, கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசிவரையிலான நாள்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அந்த மாதங்களின் வார இறுதிகள் விரைவில் நிரம்பிவிடுகின்றன. பெரியவர்கள் உடன் வந்தால் தரைத்தளத்தில் உள்வளவை ஒட்டிய அறையைக் கேளுங்கள். மதிய உணவு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே குறிப்பிடுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன், வரியும் நிலையத்துக்கு வரும் வண்டிக் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகையை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது அன்று மாலைக்குள் அனுப்பிவிட்டார்கள்.